மொஹேர்: முடி வெட்டிய அன்று இரவு ஆடு எங்கே படுக்கிறது?

புசுபுசுவென்று, மேலே மெல்லிய ரோமம் பறக்கும் ஒரு ஸ்வெட்டர். உள்பக்க லேபிளில் ‘மொஹேர் 30%’ என்று போட்டிருக்கும். அந்த 30 சதவீதம் ஓர் ஆட்டின் முடி. அதைப் பற்றி இணையத்தில் தேடினால் ஆடு கதறும் வீடியோ ஒன்று வரும். அதற்கு அடுத்தபடியாக, ‘ஆட்டுக்கு முடி வெட்டுவதும் நாம் சலூனுக்குப் போவதும் ஒன்றுதான்’ என்று சமாதானம் சொல்லும் கட்டுரை ஒன்று வரும். இரண்டிலும் பாதிப் பாதி உண்மை இருக்கிறது. எது எந்தப் பாதி என்று தெரிய வேண்டுமானால் ஆட்டிலிருந்து தொடங்க வேண்டும்.

பெயர்க் குழப்பம்

அங்கோரா என்பது துருக்கியின் தலைநகரான அங்காராவின் பழைய பெயர். அந்தப் பக்கத்து ஆட்டு இனத்துக்கு அங்கோரா ஆடு என்று பெயர். அதே பெயரில் ஒரு முயல் இனமும் உண்டு. வணிகத்தில் ‘அங்கோரா’ என்றால் முயல் முடி. அங்கோரா ஆட்டின் முடிக்குத்தான் மொஹேர் என்று பெயர். காஷ்மீர் எனப்படுவது வேறு ஆட்டின் உள்முடி. குளிர் முடிந்து அது தானாக உதிரும் பருவத்தில் சீப்பால் வாரி எடுப்பார்கள். மெரினோ என்பது செம்மறிக் கம்பளி.

இந்த நான்கையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பித்தான் பாதிச் சண்டைகள் நடக்கின்றன. 2013-ல் பலரையும் அதிரவைத்த, உயிரோடு முடியைப் பிடுங்கும் காட்சி சீனாவின் முயல் பண்ணைகளில் எடுத்தது. பின்புறத் தோலை மடிப்போடு சீவி எடுக்கும் ‘மியூல்சிங்’ ஆஸ்திரேலிய மெரினோ செம்மறிகளுக்குச் செய்வது. மொஹேரில் இந்த இரண்டும் இல்லை. அதற்கென்று வேறு பிரச்சினைகள் உண்டு. அவற்றை விட்டுவிட்டு இல்லாததைச் சொல்லித் திட்டினால், ‘எங்களிடம் அப்படி எதுவும் நடப்பதில்லை’ என்று வியாபாரி எளிதாகத் தப்பித்துக்கொள்வார்.

உலக மொஹேரில் ஏறக்குறைய பாதி இன்று தென்னாப்பிரிக்காவிலிருந்து வருகிறது. அங்கே ஈஸ்டர்ன் கேப் மாகாணத்திலும், காரூ எனப்படும் வறண்ட புதர்க்காட்டு மேட்டுநிலத்திலும் இந்த ஆடுகளை வளர்க்கிறார்கள். முடி விற்கும் ஊர் துறைமுக நகரமான கெபேகா, அதாவது பழைய போர்ட் எலிசபெத். அடுத்த இடம், தென்னாப்பிரிக்கா நாலாபுறமும் சூழ்ந்திருக்கும் சின்ன மலைநாடான லெசோத்தோவுக்கு. அமெரிக்காவின் டெக்சாஸ், துருக்கி, அர்ஜென்டினா, ஆஸ்திரேலியா ஆகியவற்றின் பங்கு சிறியது. ஆடு தென்னாப்பிரிக்கா போய்ச் சேர்ந்த கதை சுவாரசியமானது. 1838-ல் துருக்கியிலிருந்து 12 கிடாக்கள் கப்பலேறின. வேறு நாட்டில் இனம் பெருகக் கூடாது என்று பன்னிரண்டையும் மலடாக்கியே அனுப்பினார்களாம். கூட ஏறிய ஒரே பெட்டை வழியிலேயே ஒரு கிடாக்குட்டி போட்டுவிட்டது. அங்கிருந்துதான் தொடக்கம் என்று சொல்வார்கள்.

ஆடும் அதன் முடியும்

நம்மூர்க் கன்னியாடு, கொடியாடுகளுக்கு யாரும் முடி வெட்டுவதில்லை, அவசியமும் இல்லை. அங்கோரா ஆடு அப்படியல்ல. அதன் முடி மாதம் 2 முதல் 2.5 செ.மீ. வரை வளர்ந்துகொண்டே இருக்கும். உதிர்ந்து தீராது. ஆறு மாதத்தில் 12 முதல் 15 செ.மீ. நீளத்துக்குச் சுருள் சுருளாகத் தொங்கும். அதனால்தான் ஆண்டுக்கு இருமுறை கத்தரிப்பு. வெட்டாமல் விட்டால் முடி சடை பிடித்துக் கம்பளம்போல் ஆகிவிடும். முள்ளும் சாணமும் சிக்கும். நெற்றி முடி கண்ணை மறைத்தால் ஆட்டுக்கு வழி தெரியாது, மேயவும் முடியாது. ஆகவே ‘வெட்டாமல் விட்டுவிடுங்கள்’ என்பது இந்த ஆட்டுக்கு நன்மை செய்வதாகாது. இப்படி ஓர் ஆட்டை உருவாக்கியது மனிதன்தானே என்று கேட்டால் அது சரியான கேள்வி. ஆனால் அதற்கு விடை தேட வேண்டிய இடம் கத்தரிக்கோல் அல்ல, இனப்பெருக்கம்.

வளர்ந்த ஆடு ஆண்டுக்கு ஏறக்குறைய 4 கிலோ முடி தரும். வயது ஏற ஏற முடி தடிக்கும். ஆறு மாதக் குட்டியின் முதல் வெட்டு 23 முதல் 27 மைக்ரான் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு). வயதான ஆட்டில் 38 வரை போகும். உடலோடு ஒட்டி அணியும் மென்மையான ஸ்வெட்டருக்கும் பட்டோடு முறுக்கும் பின்னல் நூலுக்கும் குட்டி முடிதான். தடித்தது கோட்டுத் துணிக்கும் சோபாவுக்கும் கரடி பொம்மைக்கும் போகும். விலை அதிகம் குட்டி முடிக்கே. பின்னல் நூல் பந்தில் ‘கிட் மொஹேர்’ என்று பெருமையாக எழுதியிருப்பது இதைத்தான். வாழ்க்கையில் முதன்முதலாக மனிதக் கையில் சிக்கிய, ஆறு மாதமே ஆன, மிரண்டுபோன குட்டியின் முடி அது என்பது நூல் பந்தில் எழுதியிருக்காது.

ஒரு சின்னக் கணக்கு. ஒருமுறை வெட்டினால் 2 கிலோ. அழுக்கும் பிசுக்கும் போய், சீவலில் கழிவும் போக 1.4 கிலோ மிஞ்சுகிறது என்று வைத்துக்கொள்வோம். 300 கிராம் ஸ்வெட்டரில் 30% மொஹேர் என்றால் 90 கிராம். ஓர் ஆட்டின் ஒரு வெட்டில் 15 ஸ்வெட்டர் வந்துவிடும். அப்படியானால் உங்கள் ஸ்வெட்டர் எந்த ஆட்டினுடையது என்று கண்டுபிடிப்பது எளிது என்று தோன்றும். நடப்பது நேர்மாறு. முடி மெலிவு, நீளம், சுத்தம் பார்த்துத் தரம் பிரிக்கப்படுகிறது. சிறிய அளவில் வரும் பல பண்ணைகளின் ஒரே தர முடியை ஒன்றாகக் கொட்டி ஏலத்துக்கு வைப்பதுண்டு. அதற்குப் பிறகு சீவும் ஆலையில் இன்னும் கலக்கும். நல்ல பண்ணை முடியும் மோசமான பண்ணை முடியும் ஒரே மைக்ரானாக இருந்தால் ஒரே மூட்டையில்தான் இருக்கும்.

கத்தரிப்புக் கொட்டகையில்

சரியாகச் செய்தால் கத்தரிப்பு இப்படி இருக்கும். முதல் நாள் மாலையே ஆடுகளைக் கூரைக்குள் கொண்டுவருவார்கள். ஈர முடியை வெட்டக் கூடாது, மூட்டைக்குள் பூஞ்சை பிடிக்கும். இரவு தீவனம் கிடையாது. வயிறு நிறைந்த ஆட்டை மடக்கிப் பிடித்தால் இரைப்பை நெஞ்சை அழுத்தி மூச்சுத் திணறும். ஆனால் பட்டினி ஓர் இரவுக்கு மேல் நீளக் கூடாது. அதன் காரணம் கீழே வரும். காலையில் குட்டிகள் முதலில். நல்ல முடியில் தடித்த முடி கலக்காதிருக்க இந்த வரிசை. கருப்பு, பழுப்புப் புள்ளி உள்ளவை கடைசியில்.

ஆட்டின் தோல் செம்மறித் தோலைவிட மெலிதாகவும் தளர்வாகவும் இருக்கும். இடது கையால் தோலை இழுத்துத் தட்டையாக்கிக்கொண்டே போனால்தான் கத்தி வழுக்கிக்கொண்டு ஓடும். இழுக்காமல் விட்டால் தோல் மடிந்து கத்திக்குள் போகும். மின் இயந்திரத்தில் செம்மறிக்குப் போடும் 13 பல் சீப்பை ஆட்டுக்குப் போடக் கூடாது. பல்லுக்குப் பல் இடைவெளி அதிகம் என்பதால் தோல் உள்ளே நுழையும். நெருக்கமான 20 பல் சீப்பு வேண்டும். இயந்திரத்தின் வேகத்தையும் குறைத்து வைக்க வேண்டும். தொடர்ந்து ஓடினால் சீப்பு சூடேறித் தோலைச் சுடும்; அடிக்கடி எண்ணெய் விட்டு ஆறவிட வேண்டும். தென்னாப்பிரிக்காவிலும் லெசோத்தோவிலும் கைக்கத்தரியும் நிறையப் புழக்கத்தில் இருக்கிறது. அது மெதுவானது. ஆனால் தோலோடு ஒட்ட வழிக்காமல் கொஞ்சம் முடியை விட்டுவைப்பதால் குளிர் பிரதேசத்துக்கு அதுதான் நல்லது.

வெட்டுக்காயம் படும் இடங்கள் பெரும்பாலும் ஒன்றேதான்: கழுத்து மடிப்பு, அக்குள், வயிற்றுக்கும் தொடைக்கும் நடுவே தொங்கும் தோல், மடிக்காம்பு, கிடாவின் உறுப்பு, பின்னங்கால் முட்டிக்குப் பின்னால் உள்ள தசைநாண். அந்தத் தசைநாண் அறுந்தால் ஆடு பிறகு நடக்காது. சிறு கீறலுக்கு மருந்து தெளித்தால் போதும். வாய் திறந்த காயத்துக்குத் தையல் வேண்டும், வலி மருந்தும் வேண்டும். வெயில் காலத்தில் காயத்தை அப்படியே விட்டால் ஈ முட்டையிட்டுப் புழு வைக்கும். இன்னொன்றைப் பலர் கவனிப்பதில்லை. நிணநீர்க் கட்டி வந்த ஓர் ஆட்டின் கட்டியைக் கத்தி உடைத்துவிட்டால், அந்தச் சீழோடு அதே கத்தி அடுத்த ஆட்டின் கீறலுக்குள் போகும். ஒரே நாளில் மந்தை முழுவதும் பரவும். அதனால் கத்தியைக் கிருமிநாசினியில் முக்கி எடுக்க வேண்டும்.

பிடிக்கும் முறையிலும் இதே கதைதான். அங்கோரா ஆட்டுக்குக் கிடாவுக்கும் பெட்டைக்கும் கொம்பு உண்டு. கைக்கு வசதியான பிடியாகத் தெரிவதால் கொம்பைப் பிடித்துத் தரதரவென்று இழுக்கிறார்கள். குட்டியின் கொம்பு அடியோடு பெயர்ந்து ரத்தம் கொட்டும். வாலைப் பிடித்துத் தூக்கினால் முதுகெலும்பு பாதிக்கும். தாடைக்குக் கீழே ஒரு கையும் பின்புறத்தில் ஒரு கையும் கொடுத்து நடத்திக் கொண்டுபோனால் பத்து விநாடி கூடுதலாகும், அவ்வளவுதான்.

அந்தப் பத்து விநாடியில்தான் விவகாரமே இருக்கிறது. கத்தரிப்பவர்கள் பெரும்பாலும் பண்ணை ஆட்கள் அல்ல. பண்ணை பண்ணையாகப் போகும் ஒப்பந்தக் குழு. கூலி மணிக் கணக்கில் அல்ல, ஆட்டுக் கணக்கில். திருப்பூர்க்காரர்களுக்கு பீஸ் ரேட் என்றால் என்னவென்று விளக்க வேண்டியதில்லை. அங்கே வேகத்தில் தையல் கோணினால் பிரித்துத் தைக்கலாம். இங்கே கோணுவது தோலில். இன்னொரு நெருக்கடியும் உண்டு. முதல் ஓட்டத்தில் மேலாக வெட்டிவிட்டு, மிச்சத்தை மறுபடி வெட்டினால் குட்டைத் துண்டுகள் விழும். அவை முடியின் தரத்தைக் கெடுக்கும். அதற்குப் பயந்து முதல் வெட்டையே தோலை ஒட்டிக் கொண்டுபோவார்கள். வேகமாகவும் வெட்டு, ஒட்டியும் வெட்டு என்று ஒரே ஆளிடம் கேட்டால் காயம் வருவதில் ஆச்சரியமில்லை. ‘கத்தரிப்பவர்கள் கொடூரமானவர்கள்’ என்று முடிப்பது எளிது. என் பார்வையில் அது தவறான முடிவு. ஆட்டுக்கு இவ்வளவு என்று பேசாமல் நாளுக்கு இவ்வளவு என்று பேசி, காயமில்லாத ஆட்டுக்குக் கொஞ்சம் சேர்த்துக் கொடுத்தால், அதே ஆட்கள் அதே கத்தியோடு வேறு மாதிரி வேலை செய்வார்கள்.

குளிர்

வீடியோவில் வராத, ஆனால் அதிக ஆடுகளைக் கொல்லும் பிரச்சினை இதுதான்.

அங்கோரா ஆட்டுக்குத் தோலுக்கடியில் கொழுப்பு மிகக் குறைவு. தின்பதில் பெரும்பங்கு முடியாகப் போகிறது. குளிரிலிருந்து காப்பாற்ற அதற்கு இருப்பது அந்த முடி ஒன்றே. அதைக் காலையில் எடுத்துவிட்டு மாலையில் மேய்ச்சலுக்குத் திறந்துவிட்டால், மேலாடை இல்லாமல் மலையில் விட்ட மாதிரி. உறைபனி விழ வேண்டும் என்பதில்லை. தூறலும் காற்றும் சேர்ந்தால் போதும். நனைந்த தோலிலிருந்து காற்று வெப்பத்தை உறிஞ்சி எடுத்துவிடும்.

உடம்புக்குள் நடப்பது இது. குளிர்ந்ததும் ஆடு நடுங்கும். நடுங்கும் தசைக்குச் சர்க்கரை வேண்டும். சாதாரணமாக இந்த நேரத்தில் சிறுநீரகத்தின் மேல் உள்ள அட்ரினல் சுரப்பி கார்டிசால் என்ற ஹார்மோனைச் சுரந்து, ரத்தச் சர்க்கரையை ஏற்றிக் கொடுக்கும். அங்கோரா ஆட்டில் இந்த ஏற்பாடு பலவீனம். தென்னாப்பிரிக்காவின் ஸ்டெல்லன்பாஷ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், கார்டிசால் உருவாவதில் பங்குள்ள ஒரு நொதியின் மரபணு வேறுபாட்டை இதற்குக் காரணமாகக் கண்டிருக்கிறார்கள். ஆக, சர்க்கரை தீர்ந்ததும் நடுக்கம் நின்றுவிடும். பார்ப்பவருக்கு ஆடு அமைதியாகிவிட்டது போலத் தோன்றும். உண்மையில் அது கடைசிக் கட்டம். அதற்குப் பிறகு உடல் வெப்பம் சரிந்து ஆடு படுத்துவிடும். மேலே பட்டினி ஓர் இரவைத் தாண்டக் கூடாது என்றது இதனால்தான். வயிறு காலியாக, முடியும் இல்லாமல் வெளியே போகும் ஆட்டிடம் எரிப்பதற்கு எதுவுமே இருக்காது.

இந்த ஆபத்து வெட்டிய நாளோடு முடிவதில்லை. நான்கு முதல் ஆறு வாரம் வரை நீடிக்கும். மாதம் 2 செ.மீ. வளர்ச்சி என்ற கணக்கு இங்கே மறுபடி வருகிறது. ஒரு விரல் அகலத்துக்காவது முடி வந்தால்தான் ஆடு சமாளிக்கும். தென்னாப்பிரிக்காவில் குட்டி போடும் பருவம் ஆகஸ்ட் முதல் நவம்பர் வரை. அதற்குச் சற்று முன்னால் பெட்டைகளுக்குக் கத்தரிப்பதுண்டு. வசந்தத்தின் தொடக்கத்தில் தெற்குக் கடலிலிருந்து குளிர்மழை வரும் காலமும் அதுவே. நிறைசினை, முடியில்லை, மழை. மூன்றும் சேர்ந்தால் ஓர் இரவில் ஒரு மந்தையே போய்விடும். காரூவில் அப்படிப் போனதுண்டு. உயிர் தப்பிய சினை ஆடுகளும் தீவனக் குறைவிலும் அதிர்ச்சியிலும் குட்டியைக் கலைத்துவிடும். இந்த இனம் அதற்குப் பேர்போனது.

தடுக்க வழி எல்லோருக்கும் தெரிந்ததுதான். வெட்டிய ஆடுகள் அனைத்தும் ஒரே நேரத்தில் நிற்கும் அளவுக்குக் கூரையுள்ள கொட்டகை வேண்டும். கொட்டகையில் பத்துக்கு ஐந்து ஆடுதான் கொள்ளும் என்றால் ஒரு நாளில் அந்த ஐந்தை மட்டும் வெட்ட வேண்டும். உள்ளேயும் சிறு சிறு அறைகளாகத் தடுக்க வேண்டும். குளிரில் நடுங்கும் ஆடுகள் ஒரு மூலையில் ஒன்றன்மேல் ஒன்று ஏறி, அடியில் உள்ளவை மூச்சடைத்துச் சாகும். முடியை ஒட்ட வழிக்காமல் அரை செ.மீ. அளவு விட்டுவைக்கும் தடித்த சீப்புகள் உண்டு. முதுகுத் தண்டின் மேல் ஒரு பட்டை முடியை வெட்டாமல் போர்வைபோல் விடும் வழக்கம் டெக்சாஸில் இருந்தது. இரண்டிலும் முடி எடை குறையும், அதாவது பணம் குறையும். பிறகு தீவனம்: கத்தரிப்புக்கு இரண்டு வாரம் முன்பிருந்தே மக்காச்சோளம் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்ற வேண்டும். குளிர் வந்துவிட்டதே என்று ஒரே நாளில் அள்ளிக் கொட்டினால், அரிசி மூட்டையில் வாய்வைத்த ஆட்டுக்கு நம்மூரில் என்ன ஆகுமோ அதுதான் ஆகும்: வயிற்றில் அமிலம் ஏறி, உப்பி, செத்துப்போகும்.

கொட்டகை கட்டக் காசு வேண்டும். ஆண்டில் சில வாரம் மட்டும் பயன்படும் கூரைக்குச் செலவு செய்ய வளர்ப்பவர் தயங்குவார். வானிலை அறிக்கையை நம்பிக்கொண்டு வெட்டுவார். அறிக்கை பொய்க்காத ஆண்டுகளில் எல்லாம் நன்றாகவே நடக்கும்.

முடிக்கு வெளியே

கத்தரிப்பு ஆண்டுக்கு இரண்டு நாள். மற்ற நாட்களிலும் ஆட்டுக்கு வாழ்க்கை இருக்கிறது. கிடாக்குட்டிகளைப் பெரும்பாலும் விதையடிப்பார்கள். விதையடித்த கிடா முடிக்காக மட்டும் மந்தையில் இருக்கும். ரப்பர் வளையம் போடுவது வழக்கமான முறை. பிறந்த சில வாரங்களுக்குள் செய்தால் வலி குறைவு; தள்ளிப்போடப் போட வலியும் காயமும் கூடும். பேனுக்கும் உண்ணிக்கும் மருந்துத் தொட்டியில் முக்கி எடுப்பார்கள். தலையை ஒரு கணம் அமுக்குவது உண்டு; கோலால் குத்தி, கொம்பைப் பிடித்து மூழ்கடித்தால் மருந்துநீர் நுரையீரலுக்குள் போய்விடும். புதிதாக முடி வெட்டிய ஆட்டைக் குளிர்ந்த மாலையில் முக்கினால் முந்தைய பகுதியில் சொன்னது அத்தனையும் நடக்கும்.

‘முடிதானே எடுக்கிறார்கள், கொல்வதில்லையே’ என்பது தவறு. ஐந்தாறு வயதில் முடி தடித்து விலை இறங்கியதும் ஆடு இறைச்சிக்குப் போகும். மயக்கமடையச் செய்து அறுக்கிறார்களா, பண்ணையிலேயே மழுங்கிய கத்தியால் அறுக்கிறார்களா என்பதும் மொஹேரின் கணக்கில் சேர வேண்டியது.

2018-ல் என்ன ஆயிற்று

2018 ஜனவரி, பிப்ரவரி மாதங்களில் தென்னாப்பிரிக்காவின் 12 பண்ணைகளில் எடுத்த காட்சிகளைப் பீட்டா ஆசியா அமைப்பு அந்த ஆண்டு மே தொடக்கத்தில் வெளியிட்டது. கொம்பையும் காலையும் பிடித்து இழுப்பது, தரையில் எறிவது, வெட்டுக்காயத்தோடு விடுவது, சுயநினைவோடு இருக்கும் ஆட்டின் கழுத்தை அறுப்பது எல்லாம் அதில் இருந்தன. சில நாட்களிலேயே ஹெச்&எம், ஸாராவின் தாய் நிறுவனமான இண்டிடெக்ஸ், கேப், டாப்ஷாப் போன்றவை மொஹேரை நிறுத்துவதாக அறிவித்தன. வேறு பல பிராண்டுகளும் பின்தொடர்ந்தன. மொஹேர் சவுத் ஆப்பிரிக்கா என்ற தொழில் அமைப்பு விசாரணை தொடங்கியது. காட்சிகள் தொழில் முழுவதையும் காட்டவில்லை என்றும் சொன்னது.

படிப்பவர் ஒன்றை மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். பீட்டா விலங்குகளை எந்த வகையிலும் பயன்படுத்தக் கூடாது என்ற கொள்கை உடையது. அதன் நோக்கம் கத்தரிப்பைச் சீர்படுத்துவது அல்ல, நிறுத்துவது. அதற்காகக் காட்சி பொய்யாகிவிடாது. அதேபோல் 12 பண்ணைகளை வைத்து எல்லாப் பண்ணையையும் அளக்க முடியாது என்ற வாதமும் அந்த 12-ல் நடந்ததை இல்லாமல் ஆக்கிவிடாது. தென்னாப்பிரிக்காவில் 1962-ம் ஆண்டின் விலங்குப் பாதுகாப்புச் சட்டம் பண்ணை விலங்குகளுக்கும் பொருந்தும். சட்டம் இருந்தது, கொட்டகைக்குள் அதைக் கொண்டுபோக ஆள் இல்லை.

சான்றிதழ் எதைச் சொல்கிறது

2020 மார்ச்சில் டெக்ஸ்டைல் எக்ஸ்சேஞ்ச் என்ற அமைப்பு ‘ரெஸ்பான்சிபிள் மொஹேர் ஸ்டாண்டர்ட்’ என்ற தரநிலையைக் கொண்டுவந்தது; சுருக்கமாக ஆர்.எம்.எஸ். தென்னாப்பிரிக்கப் பண்ணைகள் வேகமாக இதில் சேர்ந்தன. அந்த அமைப்பு தன் தனித்தனி இழைத் தரநிலைகளை இப்போது ஒரே தரநிலையாக இணைத்துவருகிறது. ஆகவே லேபிளில் பெயர் மாறி வரலாம்.

இதன் அடிப்படை, 1965-ல் பிரிட்டனில் வெளிவந்த பிராம்பெல் அறிக்கையிலிருந்து வளர்ந்த ‘ஐந்து சுதந்திரங்கள்’ என்ற கருத்து. பசி தாகம் இல்லாமை, வசதியான இடம், வலியும் நோயும் இல்லாமை, இயல்பாக நடந்துகொள்ளும் வாய்ப்பு, அச்சம் இல்லாமை. பண்ணையில் இவற்றோடு மேய்ச்சல் நிலத்தின் நிலையையும் தொழிலாளர் நிலையையும் வெளி ஆடிட்டர் பார்க்கிறார். பண்ணைக்குப் பிறகு சீவும் ஆலை, நூற்பாலை, துணி ஆலை, தையல் என்று ஒவ்வொரு கட்டத்துக்கும் சான்றிதழ் வேண்டும். சரக்கு கை மாறும்போதெல்லாம் பரிவர்த்தனைச் சான்றிதழ் கூடவே போகும். ஆர்கானிக் பருத்தியிலும் மறுசுழற்சிப் பாலியஸ்டரிலும் வேலை செய்யும் திருப்பூர் நிறுவனங்கள் தினமும் ‘டி.சி. (பரிவர்த்தனைச் சான்றிதழ்) வந்துவிட்டதா’ என்று கேட்பது இதே ஏற்பாட்டைத்தான். மேலே சொன்ன மூட்டைக் கலப்புப் பிரச்சினைக்கு இது பெரிய அளவில் விடை: சான்று பெற்ற முடி சான்று பெற்ற முடியோடு மட்டும் கலக்கும்.

விடையில்லாத இடங்களும் உண்டு. பண்ணைகள் குழுவாகச் சான்று பெறலாம். அப்போது குழுவில் உள்ள எல்லாப் பண்ணைக்கும் ஆடிட்டர் போவதில்லை, மாதிரிக்குச் சிலவற்றைப் பார்ப்பார். அவர் போகும் நாள் கத்தரிப்பு நாளாக இருக்க வேண்டும் என்றில்லை. குளிர்மழை இரவாக இருக்க வாய்ப்பே இல்லை என்று சொல்லலாம். கொட்டகை இருக்கிறதா என்று பார்க்கலாம். அன்றிரவு ஆட்டை உள்ளே விட்டார்களா என்பதற்குப் பதிவேடுதான் சாட்சி. இருந்தாலும், சான்றிதழே இல்லாத முடியைவிட இது மேல் என்றுதான் சொல்வேன். முன்பு யாரும் கேட்காத கேள்வியை ஆண்டுக்கு ஒருமுறையாவது ஒருவர் கேட்கிறார்.

முற்றாக நிறுத்துவதே சரி என்பவர்களின் வாதத்திலும் நியாயம் இருக்கிறது. மொஹேர் இல்லாமல் யாரும் குளிரில் விறைத்துப்போகப் போவதில்லை. ஆனால் அதற்குப் பதிலாக வருவது பெரும்பாலும் அக்ரிலிக். ஒவ்வொரு துவைப்பிலும் பிளாஸ்டிக் இழை உதிரும் சரக்கு அது. லெசோத்தோ மலையில் சில ஆடு வைத்திருக்கும் குடும்பத்துக்கு முடி விற்ற பணம்தான் கையில் புழங்கும் காசு. இதில் எந்தப் பக்கம் எடை கூடும் என்பது படிப்பவர் தராசைப் பொறுத்தது.

கடையில் நிற்கும்போது

லேபிளில் சதவீதம் இருக்கும். ஐரோப்பாவின் இழைப் பெயர் விதிகளின்படி மொஹேர் என்று எழுதினால் அது அங்கோரா ஆட்டின் முடியாகவே இருக்க வேண்டும். ‘மேட் இன்’ என்பது தைத்த நாடு. ஆடு மேய்ந்த நாடு அல்ல. அமெரிக்காவில் இன்னொரு வேடிக்கை: அங்குள்ள 1939-ம் ஆண்டின் கம்பளிச் சட்டப்படி அங்கோரா ஆட்டு முடியையும் ‘ஊல்’ என்றே எழுதலாம். மொஹேர் வேண்டாம் என்று தவிர்ப்பவர் அறியாமலே வாங்கிவிட முடியும். தொட்டுப் பார்த்தால் கொஞ்சம் தெரியும்: மொஹேர் வழுவழுப்பாக, பளபளப்பாக இருக்கும், கசக்கினால் மறுபடி எழும்.

விற்பவரிடம் எழுதிக் கேட்பதானால் மூன்று கேள்வி போதும். முடி எந்த நாட்டுப் பண்ணையிலிருந்து வந்தது? இந்த உடைக்குப் பரிவர்த்தனைச் சான்றிதழ் இருக்கிறதா, அல்லது நிறுவனத்துக்குப் பொதுவான சான்றிதழ் மட்டுமா? இரண்டும் ஒன்றல்ல, பொதுச் சான்றிதழ் வைத்திருக்கும் நிறுவனமே சான்றில்லாத நூலையும் வாங்கலாம். மூன்றாவது, கத்தரிப்பவர்களுக்குக் கூலி எப்படி, வெட்டிய ஆடுகளுக்குக் கொட்டகை உண்டா? மூன்றாவதற்குப் பதில் தெரிந்த பிராண்டுகள் குறைவு. சொந்தப் பண்ணையில் ஆடு வைத்து நூல் நூற்று விற்கும் சிறு நிறுவனங்களிடம் பதில் கிடைக்கலாம். சில ஆட்டின் பெயரையே சொல்லிவிடும்.

‘எங்கள் ஆடுகள் திறந்த வெளியில் சுதந்திரமாக மேய்கின்றன’ என்று பதில் வந்தால், கேட்டதற்கு அது பதில் இல்லை. அங்கோரா ஆடுகள் பெரும்பாலும் எங்குமே திறந்த வெளியில்தான் மேய்கின்றன. முடி வெட்டிய வாரத்தில் மழை பிடித்தால் அவை விழுந்து கிடப்பதும் அங்கேதான்.